பாலூட்டும் காலத்தில் எடை குறையவில்லை: உணவைக் குறைத்தால் பால் குறையுமா?

கேள்வி
காவிரிக்கரை (திருச்சி)

தோழியர் அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. அறுவைச் சிகிச்சையில் பிறந்தவள். இன்றுவரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுத்ததில்லை. கருவுறுவதற்கு முன் 61 கிலோவாக இருந்த என் எடை, பிரசவத்துக்குச் செல்லும்போது 75 கிலோவாக இருந்தது. முதல் ஆறு வாரங்களில் எந்த முயற்சியும் இல்லாமல் 68 வரை இறங்கியது. அதற்குமேல் இறங்கவே இல்லை. மாறாக, மெல்ல ஏறி இப்போது 70-ஐ எட்டியிருக்கிறது. என் உயரம் 156 சென்டிமீட்டர்.

பால் கொடுத்தாலே உடம்பு வற்றிவிடும் என்று வீட்டிலும் வெளியிலும் உறுதியாகச் சொன்னார்கள். என் நாத்தனாருக்கு அப்படித்தான் நடந்தது. எனக்கு ஏன் நடக்கவில்லை என்பது புரியவில்லை. பால் நன்றாகவே சுரக்கிறது. குழந்தையின் எடை சரியாகக் கூடிவருவதாகத் தடுப்பூசி போடச் சென்றபோது சொன்னார்கள்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். அம்மா மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொள்கிறார். காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் ஆரஞ்சு நிற உறையில் வரும் கெட்டிப் பாலில் சத்துபானப் பொடியும் சர்க்கரையும் கலந்து ஒரு பெரிய தம்ளர் தருகிறார். காலையில் எலுமிச்சை அளவு பிரசவ லேகியம். சோற்றில் நெய்யோ நல்லெண்ணெயோ ஊற்றாமல் தட்டை என் கையில் கொடுப்பதில்லை. பூண்டுக் குழம்பு, கருவாடு, முருங்கைக்கீரை ஆகியவை அடிக்கடி உண்டு. மற்ற காய்கறிகளில் பெரும்பாலானவை வாயு என்றும் குளிர்ச்சி என்றும் விலக்கப்பட்டுவிட்டன. நள்ளிரவில் பாலூட்டி முடித்தவுடன் தாங்க முடியாத பசி எடுக்கிறது. அப்போது ரஸ்க்கோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன்.

உறவினர் ஒருவர், இரவு உணவை நிறுத்திவிட்டுக் கொள்ளுத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் உடல் இளைக்கும் பொடி ஒன்றைப் பரிந்துரைக்கிறார். உணவைக் குறைத்தால் பால் வற்றிவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். அந்த அச்சம் எனக்கும் இருக்கிறது. விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பார்ப்பவர்கள் எல்லாம் முதலில் என் உடம்பைப் பற்றியே பேசுவது மனத்தை மிகவும் வருத்துகிறது. பால் குறையாமல் எடையைக் குறைக்க வழி உண்டா? அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எந்த உடற்பயிற்சியை எப்போது தொடங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1
வைகை (மதுரை)

அன்புத் தங்கைக்கு, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குழந்தை நன்றாக வளர்கிறாள், பால் போதுமான அளவு சுரக்கிறது. இந்த இரண்டும் அமைந்திருப்பதே பெரிய பேறு. உங்கள் உடம்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இரண்டையும் விசாரித்த பிறகு பேசட்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பால் கொடுத்தபோது நான் கேட்காமலே இளைத்தேன். இளையவளுக்கு ஓராண்டுக்கு மேல் பால் கொடுத்தும் எடை அசையவில்லை. அவள் சோறு சாப்பிடத் தொடங்கி, பால் குடிப்பது வெகுவாகக் குறைந்த பிறகே இறங்கத் தொடங்கியது. ஒரே உடம்புக்கே இரண்டு பிரசவங்களில் இவ்வளவு வேறுபாடு என்றால், நாத்தனாரோடு உங்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில், உங்கள் அம்மா தருவதில் பாதி பொன்னானது, அதை விட்டுவிடாதீர்கள். பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு, கிடைத்தால் பால் சுறாப் புட்டு ஆகிய எல்லாமே தொடரலாம். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். லேகியமும் கூடுதல் நெய்யும் பிரசவித்த முதல் நாற்பது நாட்களுக்கான பத்தியம். அந்தக் காலத்தில் பத்தியம் முடிந்ததும் பெண்கள் உரலுக்கும் கிணற்றுக்கும் வயலுக்கும் திரும்பினார்கள். நாம் நாற்பது நாள் சாப்பாட்டை ஐந்தாம் மாதத்திலும் தொடர்ந்துகொண்டு, குழந்தையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருக்கிறோம்.

அம்மாவிடம் "இது வேண்டாம்" என்று நேராக மறுத்தால் அவர் மனம் புண்படும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது அம்மாவையும் உடன் அழைத்துச் சென்று, உணவைக் குறைத்தால் பால் வற்றுமா என்ற சந்தேகத்தை அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். மகள் சொன்னால் பிடிவாதமாகத் தெரிவது, மருத்துவர் வாயிலிருந்து வந்தால் ஆலோசனையாகிவிடும். பிறகு அம்மாவே கத்தரிப் பிஞ்சும் புடலங்காயும் பீர்க்கங்காயும் சமைத்துத் தருவார். நள்ளிரவுப் பசிக்கு மட்டும் படுக்கைக்கு அருகே வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ரஸ்க்குக்குப் பதில் வேகவைத்த நிலக்கடலை, ஒரு கிண்ணம் சுண்டல், கொய்யாப் பழம் என்று எதுவாக இருந்தாலும் நல்லது. பட்டினியாக மட்டும் படுக்காதீர்கள்.

பதில் 2
உணவியல் ஆலோசகர் (கோவை)

மருத்துவமனை ஒன்றில் உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். பாலூட்டும் தாய்மார்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் பால் குடிக்கும். அதை உருவாக்கத் தாயின் உடல் செலவிடும் ஆற்றலைக் கணக்கில் கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், முதல் ஆறு மாதங்களுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கலோரியும், அடுத்த ஆறு மாதங்களுக்கு 520 கலோரியும் தேவை என்று கூறியுள்ளன. பால் கொடுத்தால் எடை குறையும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இந்தச் செலவுதான். ஆனால் அந்தச் செலவைக் காட்டிலும் வரவு அதிகமாக இருந்தால் எடை குறைய வழியில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தம்ளர் பாலை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு நிற உறையில் வரும் பாலில் 6 சதவீதக் கொழுப்பு உண்டு. தம்ளருக்கு 200 மில்லி என்று வைத்தால், மூன்று தம்ளரில் பாலிலிருந்து மட்டும் ஏறத்தாழ 520 கலோரி கிடைக்கிறது. ஒவ்வொரு தம்ளரிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் இரண்டு கரண்டி சத்துபானப் பொடியும் சேர்ந்தால் மொத்தம் 850 கலோரியைத் தாண்டிவிடும். பாலூட்டுவதற்காகத் தேவைப்படும் கூடுதல் ஆற்றல் முழுவதும் இந்தப் பானங்களிலேயே வந்து, அதற்கு மேலும் மிஞ்சுகிறது. லேகியம், சோற்றில் ஊற்றும் நெய், இரவு ரஸ்க் ஆகிய எல்லாம் அதற்கு மேல் வருபவை. நீல நிற உறையில் வரும் 3 சதவீதக் கொழுப்புள்ள பாலுக்கு மாறி, சர்க்கரையையும் பொடியையும் விட்டுவிட்டால், அதே மூன்று தம்ளர் ஏறத்தாழ 350 கலோரியாகச் சுருங்கும். கால்சியமும் புரதமும் குறையாது. உங்கள் உணவில் வேறெதையும் தொடுவதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள்.

பால் வற்றிவிடும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். குழந்தை எவ்வளவு உறிஞ்சிக் குடிக்கிறதோ, மார்பு எவ்வளவு முறை காலியாகிறதோ, அதைப் பொறுத்தே பால் சுரக்கிறது. தாய் சாப்பிடும் நெய்யின் அளவுக்கும் பாலின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 2000-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், அதிக எடையுள்ள, தாய்ப்பால் மட்டுமே கொடுத்த 40 தாய்மார்கள் கலந்துகொண்டனர். அவர்களில் ஒரு பிரிவினர் பத்து வாரங்களுக்கு நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்டு, வாரத்தில் நான்கு நாட்கள் உடற்பயிற்சியும் செய்தனர். வாரத்துக்கு அரை கிலோ வீதம் அவர்கள் எடை குறைந்தது. அவர்களுடைய குழந்தைகளின் வளர்ச்சியில் மற்றப் பிரிவினரின் குழந்தைகளோடு ஒப்பிடும்போது எந்தக் குறைவும் காணப்படவில்லை. எனவே வாரத்துக்கு அரை கிலோவுக்கு மிகாமல் குறைப்பது பாதுகாப்பானது. அதைவிட விரைவாகக் குறைக்க முயல வேண்டாம். ஒரு நாளில் 1,500 கலோரிக்குக் கீழே இறங்கவே கூடாது. 1,800-க்குக் குறையாமல் இருப்பது இன்னும் நல்லது.

உங்கள் நள்ளிரவுப் பசிக்கு மன உறுதியின்மை காரணமன்று. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் பசியையும் தூண்டக்கூடியது. துண்டு துண்டான உறக்கம் பசியை உண்டாக்கும் கிரெலினை உயர்த்தி, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டினைக் குறைக்கிறது. இப்படிப்பட்ட உடலை இரவு உணவை நிறுத்தச் சொல்வது கொடுமை. பட்டினி கிடந்தால் மறுநாள் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் கை தேடும். மாறாக, ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 கிராம் புரதம் கூடுதலாகத் தேவை. இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். தட்டில் பாதியைக் காயும் கீரையும் நிரப்பட்டும். சோறு கால் பங்கு போதும். அரிசிக்குப் பதில் தினையும் சாமையும் சாப்பிட்டால் இளைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நார்ச்சத்து கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை; கலோரியில் அரிசிக்கும் அவற்றுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது, ஆகவே அளவு முக்கியம்.

கொள்ளைப் பற்றிய பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். கொள்ளு நல்ல புரதம் உள்ள பயறு. ரசமாகவோ துவையலாகவோ சுண்டலாகவோ தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது கொழுப்பைக் கரைக்காது. இரவு உணவுக்கு ஈடாகவும் ஆகாது. உடல் இளைக்கும் பொடியை மட்டும் தயவுசெய்து தொட வேண்டாம். இவற்றில் பல, நிலாவாரை போன்ற பேதி மூலிகைகளைக் கொண்டு நீரையும் மலத்தையும் வெளியேற்றி எடை குறைந்ததுபோல் காட்டுபவை. வேறு என்ன கலந்திருக்கிறது என்பது உறையில் முழுமையாக இருப்பதும் இல்லை. சோறு, பழம் உள்ளிட்ட மாவுச்சத்தை அடியோடு நீக்கும் உணவுமுறையும் உங்களுக்கு உகந்ததன்று. பாலூட்டும் தாய்மாருக்கு அதனால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

பதில் 3
நல்லூர் (யாழ்ப்பாணம்)

வணக்கம் சகோதரி. மேலே சொன்னவற்றோடு ஒரு விடயத்தைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்கள் ஊரிலும் பிள்ளை பெற்றவருக்குப் பத்தியம் உண்டு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு), உள்ளி (பூண்டு) ஆகியவற்றை அரைத்துச் சிறு மீனில் வைக்கும் பத்தியக் கறியை என் அம்மா மாதக் கணக்கில் தந்தார். அதில் தேங்காய்ப்பாலோ அதிக எண்ணெயோ இல்லை. கிளினிக்கில் கிடைத்த திரிபோஷா என்ற சத்துமாவையும் அளவாகவே சாப்பிட்டேன். அப்படியிருந்தும் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது என் நிறை ஏறிக்கொண்டே போனது. எந்நேரமும் களைப்பு, மலச்சிக்கல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு, மற்றவர்கள் வியர்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் குளிர். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றும், இரவில் உறக்கம் இல்லாததால்தான் களைப்பு என்றும் எல்லோரும் சொன்னதால், அதை ஒரு நோயாக யாரும் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்த குடும்பநல மருத்துவமாதுதான் என்னோடு நெடுநேரம் கதைத்துவிட்டு, தைரொயிட் சோதனை செய்யச் சொன்னார். பிரசவத்துக்குப் பின் தைரொயிட் சுரப்பி அழற்சி அடைவது ஏறத்தாழ இருபது பெண்களில் ஒருவருக்கு நிகழ்வதாக மருத்துவர் விளக்கினார். முதலில் சில வாரங்கள் சுரப்பு கூடி நெஞ்சு படபடப்பும், பின்னர் நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள் சுரப்பு குறைந்து களைப்பும் நிறை கூடுதலும் வருவது வழக்கமாம். பலருக்கு ஓராண்டில் தானாகச் சரியாகிவிடும்; சிலருக்கு மாத்திரை தொடர வேண்டியிருக்கும். தைரொக்சின் மாத்திரையைப் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். நானும் அப்படித்தான் எடுத்தேன். சில வாரங்களில் களைப்பு நீங்கியது. நிறை குறைவதற்கு அதைவிட நீண்ட காலம் எடுத்தது.

நீங்கள் இப்போது ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள். முதலில் இறங்கிய நிறை மீண்டும் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் தைரொயிட் சுரப்பின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தச் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். மனம் வருந்துவதாகவும் சொன்னீர்கள். அழுகை, எதிலும் நாட்டமின்மை, பிள்ளை உறங்கும்போதும் உறங்க முடியாத நிலை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சையால் குணமாகக்கூடிய ஒன்றுதான்.

காவிரிக்கரை (திருச்சி)

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பால் கணக்கைக் கேட்டதும் அவரே நீல நிற உறைப் பால் வாங்கிவரச் சொல்லிவிட்டார். லேகியத்தை மட்டும் சுண்டைக்காய் அளவாவது சாப்பிட வேண்டும் என்கிறார், அதற்குச் சம்மதித்துவிட்டேன். தைராய்டு பரிசோதனைக்கு நாளை செல்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பிரசவத்துக்குப் பிறகு அரசு மருத்துவமனையில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைப் போட்டுக்கொண்டேன். எடை ஏறுவதற்கு அதுவும் காரணமாக இருக்குமா? எடை எப்படி இருந்தாலும் வயிறு மட்டும் இன்னும் கருவுற்றிருப்பதுபோல் முன்தள்ளியே இருக்கிறது; துணி கட்டினால் உள்ளே போகுமா?

பதில் 4
கிராம சுகாதார செவிலியர் (தஞ்சாவூர் மாவட்டம்)

நீங்கள் குறிப்பிடும் ஊசி அந்தரா என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுவதாக இருக்கும். பாலூட்டும் தாய்மார்களுக்குப் பாதுகாப்பானது, பால் சுரப்பைக் குறைக்காது. ஆனால் எடை கூடுவது அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகளில் ஒன்று. எல்லோருக்கும் கூடுவதில்லை, சிலருக்குக் கூடுகிறது. ஊசி போட்ட பிறகே எடை ஏறத் தொடங்கியதா என்று உங்கள் அட்டையில் உள்ள தேதியை வைத்துப் பாருங்கள். அப்படித்தான் என்றால் அடுத்த ஊசிக்கான தேதிக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து, காப்பர்-டி அல்லது ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை போன்ற மாற்று வழியைக் கேளுங்கள். மாற்று வழி இல்லாமல் ஊசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்ற நம்பிக்கை, தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாத முதல் ஆறு மாதங்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். அறுவைச் சிகிச்சை ஆனவர் உடனே மீண்டும் கருவுறுவது நல்லதன்று.

வயிற்றுக்குத் துணி கட்டுவது இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும். நடக்கும்போதும் இருமும்போதும் தையல் வலி குறையும். கொழுப்பையோ தசையையோ அது மாற்றாது. கருவுற்ற காலத்தில் வயிற்றின் நடுத்தசைகள் இரண்டு பக்கமும் விலகியிருக்கும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அந்த இடைவெளி மூடாமல் இருப்பதால், எடை குறைந்தாலும் வயிறு முன்தள்ளியே தெரியும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சற்றுத் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் இயன்முறை மருத்துவரிடம் செல்லுங்கள். அதுவரை படுத்தபடி முழு உடலையும் தூக்கி எழும் வயிற்றுப் பயிற்சிகளைச் செய்ய வேண்டாம். அவை இடைவெளியை அதிகமாக்கக்கூடும்.

அறுவைச் சிகிச்சை ஆகி ஐந்து மாதம் ஆகிவிட்டதால், தையலில் வலியோ வீக்கமோ இல்லையென்றால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வேக நடையைத் தாராளமாகத் தொடங்கலாம். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவுக்குப் படிப்படியாகக் கூட்டுங்கள். பால் கொடுத்து முடித்த பிறகு நடந்தால் மார்புக் கனம் இருக்காது. மிதமான உடற்பயிற்சியால் பால் குறையாது, புளிக்கவும் செய்யாது. குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ அவள் எடையைப் பார்த்துவிட்டால், பால் போதவில்லையோ என்ற சந்தேகத்துக்கே இடமிருக்காது.

ஒன்று விட்டுப்போயிற்று. பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை நாங்கள் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். அவற்றை நிறுத்த வேண்டாம். பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்து மாத்திரை எழுதிக்கொடுத்தால், அதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கிவிட்டு, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் கழித்தே எடுங்கள். ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடும் சேர்க்காமல், மதிய உணவுக்குப் பிறகு ஒன்று, இரவு உணவோடு மற்றொன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.